அப்புறம் அக்காவும் தாய்ப்பெட்டியும்

கடை வாசலில் பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. வெயிலும் மழையும் பாதி எழுத்தைத் தின்றுவிட்டதால் யாரும் அதைப் படிப்பதில்லை. 'அப்புறம் அக்கா கடை' என்று கேட்டால் போதும், தெருமுனையில் நிற்கிற யாரும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

பெயர் வந்த கதை சின்னதுதான். பழைய பொருள் எதையாவது விற்க ஒருவர் வந்து உட்காருவார். "இது எங்கப்பாவோட கடிகாரம்" என்று ஆரம்பிப்பார். அக்கா கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், வந்தவரைத்தான் பார்ப்பார்.

"அப்புறம்?" என்பார்.

வந்தவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். மறுபடி "அப்புறம்?" கடிகாரம் எந்தச் சுவரில் மாட்டியிருந்தது, யார் சாவி கொடுத்தார்கள், எப்போது நின்றது, நின்ற பிறகும் ஏன் கழற்றவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். மேலே சொல்லுங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர், அக்கா தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்து, பொருளைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அக்கா எட்டிக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்.

"போகச் சொல்லலீங்க. சொல்லச் சொன்னேன்."

நான் அந்தக் கடையில் தைக்கிறவள். பெட்டிகளுக்கு உள்துணி, நாற்காலிக்கு மெத்தை உறை, வாங்கியவர்கள் எடுத்துப் போகப் பை. என் மெஷின் பெரிய அலமாரி ஒன்றின் பின்னால் இருக்கிறது. படிப்பு சீக்கிரமே நின்றுபோனதாலோ என்னவோ, நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் அந்த இடம் எனக்கு ரொம்பச் சௌகரியம். அங்கிருந்து பார்த்தால் வந்தவரின் முகம் தெரியாது, மேசைமேல் இருக்கிற கைகள் மட்டும் தெரியும். கைகளே போதும் என்பது போகப் போகப் புரிந்தது. விற்க மனசில்லாதவர் பொருளைவிட்டுக் கையை எடுக்க மாட்டார். அவசரக்காரர் பொருளைத் தொடவே மாட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் வண்டி வைத்திருக்கிறார். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வண்டி. நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்போம். கல்யாணமான புதிதில் அக்காவும் அவரோடு போய்ப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாராம். வீடு மாற்றும்போதுதான் ஜனங்களுக்குத் தங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்பதே தெரியவரும் என்பார் அக்கா. மாமாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. படியில் இறங்குமா, கதவில் நுழையுமா, இது இரண்டுதான் அவருக்கு ஒரு பொருளைப் பற்றிய கேள்வி.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள், இடத்தை அடைக்கிறது என்று, அக்கா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலைக்கண்ணாடியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார். அவன் மரச் சட்டத்துக்கு மட்டும் விலை போட்டானாம். கண்ணாடியைத் தூக்கிப் போகக் கூலி கேட்காததே பெரிசு என்று மாமா திருப்தியாக வீட்டுக்கு வந்தார்.

வேறொருவராக இருந்தால் சண்டை பிடித்திருப்பார். அக்கா சண்டையும் பிடித்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. கண்ணாடி எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பழைய சாமான்காரனிடம் போனார். அவன் ஒரு தச்சரைக் காட்டினான். தச்சர் சட்டத்துக்குப் பாலீஷ் போட்டு ஒரு மரச்சாமான் கடைக்குக் கொடுத்திருந்தார். மரச்சாமான் கடை அதை ஒரு சலூனுக்கு விற்றிருந்தது. கை மாற மாற விலை ஏறியிருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. "ஒரே கண்ணாடி. அதுல தெரியற மூஞ்சிதான் மாறிச்சு" என்று அக்கா சொல்வார். திரும்ப வாங்குகிற விலையில் அது இல்லை. ஆனால் அந்த அலைச்சலில் ஒன்று பிடிபட்டது. பொருளுக்கு விலை பொருளிடம் இல்லை, அது வேண்டும் என்கிறவர் நிற்கிற இடத்தில் இருக்கிறது. அவர் இருக்கிற இடம் தெரியாமல் வாசலுக்கு வந்தவனிடம் விற்பதுதான் ஏமாளித்தனம்.

மாமா இன்றைக்கும் அந்தச் சலூனில்தான் முடி வெட்டிக்கொள்கிறார். வேறு எங்கும் போகக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. "தண்டனைக் கைதி மாதிரி மாசாமாசம் போய் அந்தக் கண்ணாடி முன்னால உக்காந்துட்டு வரேன்" என்று எங்களிடம் புலம்புவார்.

அப்படி ஆரம்பித்த கடை. அக்கா எதையும் தானே வாங்குவதில்லை. விலை சொல்கிறவளும் நான், வாங்குகிறவளும் நான் என்றால் என் நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்பார். பொருளைக் கடையில் வைத்துக்கொண்டு, சரியான ஆளைத் தேடி, விற்றதில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். கொண்டு வருவதற்குமுன் தேய்த்துக் கழுவாதீர்கள் என்று எல்லாரிடமும் தொண்டை வற்றச் சொல்வார். ஆனாலும் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவி விடுவதில்லையா, அந்தப் புத்தி. ஒருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு வெண்கல மணியைப் பளபளவென்று கொண்டுவந்தார். அதன்மேல் எழுத்து ஏதோ இருந்திருக்குமே என்று அக்கா தடவிப் பார்த்தார். "அழுக்கா இருந்துச்சு, சுத்தமா எடுத்துட்டேன்" என்றார் அந்த மனிதர் பெருமையாக. அக்கா மணியை மெதுவாக மேசைமேல் வைத்தார். அவர் போன பிறகு, "இவரு வீட்டுல பழைய போட்டோவெல்லாம் சோப்பு போட்டுக் கழுவியிருப்பாரோ" என்றார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பொருள் கைக்கு வந்ததும் விற்க மாட்டார். "வீட்டுல அது இருந்த எடம் இப்பக் காலியா இருக்கும். கொஞ்ச நாள் அதைப் பாருங்க. பாத்துட்டும் விக்கணும்னு தோணுச்சுன்னா வாங்க" என்று அனுப்பிவிடுவார். மாமாவுக்கு இது பற்றிக்கொண்டு வரும். கடை நடத்துகிறாயா, காலி இடத்துக்குக் காவல் இருக்கிறாயா என்பார். காலி இடத்தைப் பார்த்துவிட்டு வந்து பொருளைத் திருப்பி எடுத்துப் போனவர்களும் உண்டு. அக்கா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

வேன்காரம்மா வந்தது பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்த நேரம்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சொந்த வேன். விடுமுறைக்குச் சற்றுமுன் இன்ஜின் படுத்துவிட்டது. புது இன்ஜின் போட மெக்கானிக் கேட்ட தொகை அவரிடம் இல்லை. பள்ளி திறக்கும் நாளில் வேன் வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவோம் என்று பள்ளிக்கூட ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை அந்த வேனை வைத்துத்தான் அவர் ஆளாக்குகிறார். வேன் போனால் பிழைப்பே போயிற்று.

மேசைமேல் அவர் வைத்தது ஒரு மரப்பெட்டி. வெளியே கறுப்பு அரக்குப் பூச்சு, மூலைகளில் பித்தளைக் கட்டு, மூடியின் ஓரத்தைச் சுற்றி முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஒரு குழந்தையைச் சுருட்டிப் படுக்க வைக்கிற அளவு. நல்லவேளை, தேய்க்கவில்லை. வேன்காரம்மாவின் கைகள் பெட்டியைத் தொடாமல் மடியிலேயே இருந்தன.

"எங்கம்மாவோட பெட்டி. தாய்ப்பெட்டின்னு சொல்லுவோம்."

"அப்புறம்?"

அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தார், எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்தார். "அப்புறம்?" அம்மா அதைப் பரண்மேல் வைத்திருப்பார், பிள்ளைகளைத் தொட விட மாட்டார், முக்கியமானது எதுவானாலும் 'தாய்ப்பெட்டியில பத்திரமா இருக்கு' என்பார். "அப்புறம்?" அம்மா போகிறபோது இது மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் பெட்டியை அவர் விட்டுப் போன பிறகு என்னிடம் வந்து, "ஒண்ணுமில்லைன்னு சொல்ற எடத்துலதான் எல்லாம் இருக்கு" என்றார்.

உள்துணி கிழிந்திருக்கிறதா பார் என்று பெட்டியை என்னிடம் கொடுத்தார். கரும்பச்சை வெல்வெட், கிழிசல் இல்லை. ஆனால் அடித்துணியின் நடுவில் வெல்வெட்டின் மயிர் நசுங்கிப் படிந்திருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். வளைவு எங்கேயும் இல்லை, நாலு பக்கமும் நேர்க்கோடு, நாலு மூலை. பெட்டியின் ஓரத்துக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் ஒரே அளவு விளிம்பு. கனமாக, சதுரமாக ஏதோ ஒன்று பல வருஷம் அசையாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா தலையைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். என்னவாக இருக்கும் என்று இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்க யோசித்தோம். மாமா வந்து, செங்கல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளும் வழக்கமில்லை. அரக்குப் பெட்டிகளைச் சேகரிக்கிற ஒருவருக்குப் போன் செய்தார். அவருக்கு எங்கள் கடையில் ரெட்டைக் கண்ணாடி என்று பெயர். மூக்கில் ஒன்று, கழுத்துக் கயிற்றில் ஒன்று. நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த பொருளைக் கண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், விலை ஏறிவிடுமே என்று. அதனால் அவர் முகம் எவ்வளவு கோணுகிறதோ அவ்வளவு நல்ல பொருள் என்பது எங்கள் கணக்கு. அவர் வரும் நேரத்துக்கு வேன்காரம்மாவையும் அக்கா வரச் சொல்லியிருந்தார். விலை பேசும்போது பொருளுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார்.

ரெட்டைக் கண்ணாடி முதலில் ஒரு கண்ணாடியில் பார்த்தார், பிறகு மற்றதில். பெட்டியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார். முகம் கோணிக்கொண்டே போயிற்று. அலமாரி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"தாய் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க எங்க?"

வேன்காரம்மா மரியாதையாக எழுந்து நின்று பதில் சொன்னார். "லீவு விட்டிருக்காங்க சார். வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

ரெட்டைக் கண்ணாடிக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லம்மா, எத்தனை பிள்ளைன்னு கேட்டேன்."

"ரெண்டு சார். பெரியவ எட்டாவது, சின்னவன் அஞ்சாவது."

அக்காதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததில் ரெட்டைக் கண்ணாடியும் சிரித்து, கழுத்துக் கண்ணாடி மேசையில் இடித்தது. வேன்காரம்மா மட்டும், தன் பிள்ளைகளில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி நின்றார். பிறகு ரெட்டைக் கண்ணாடி விளக்கினார். இந்த மாதிரிப் பெட்டி தனியாக வராது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி விற்பார்கள். வெளியே இருக்கிற பெரியது தாய், உள்ளே போகிறவை பிள்ளைகள். தாய்ப்பெட்டி என்றால் அம்மாவின் பெட்டி இல்லை. பெட்டிகளுக்கு அம்மா.

வேன்காரம்மா மெதுவாக உட்கார்ந்தார். கைகள் அப்போதுதான் முதல்முறையாகப் பெட்டிமேல் வந்தன. ஒரு கை மூடியைப் பிடித்துக்கொண்டது.

ரெட்டைக் கண்ணாடி அடுத்த வாரம் வெளியூர் போகிறவர், திரும்ப எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. தாயை மட்டும் என்றால் இவ்வளவு தருகிறேன், இப்போதே தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். பிள்ளைகளும் இருந்தால் கதையே வேறு என்றார். முதலில் சொன்ன தொகை இன்ஜினுக்குப் பாதி வரும். மெக்கானிக்குக் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்லலாம். வேன்காரம்மா கண்ணில் அந்தக் கணக்கு ஓடியிருக்கும். யாருக்குத்தான் ஓடாது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ரெட்டைக் கண்ணாடியை, ஊருக்குப் போகுமுன் ஒருநடை வந்து போங்கள் என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

"பொருள் உங்களோடது. வித்துடுங்கன்னாலும் விக்காதீங்கன்னாலும் அது என் வாய்க்கொழுப்பு. ஆனா பிள்ளைங்க யாருகிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மூஞ்சியே சொல்லுது. தெரிஞ்சுக்கிட்டே தாயை மட்டும் வித்தா, இதுக்கும் விலை போச்சு, அங்க இருக்கறதுக்கும் விலை போச்சு. ரெண்டு எடத்துல அனாதை." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம்?" என்றார்.

இந்தமுறை 'ஒண்ணுமில்லை' வரவில்லை.

வேன்காரம்மாவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், நாலு தெரு தள்ளி மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அம்மா கடைசியாகப் பேசும்போது அண்ணன்தான் பக்கத்தில் இருந்தார், இவர் வேனில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, அம்மா உனக்குக் கொடுக்கச் சொன்னார் என்று வைத்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, அடியில் எதையோ எடுத்த தடம் மட்டும் இருக்கிறது. அம்மாவின் தங்க வளையல்களை இவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். 'தாய்ப்பெட்டியில பத்திரமா இருக்கு' என்று அம்மா சொன்னதும் நினைவிருந்தது. அண்ணன் வளையலை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டார். கேட்கவுமில்லை. கேட்டால் சண்டை வரும் என்று பேச்சையே நிறுத்திவிட்டார். இத்தனை வருஷமும் அந்த வைண்டிங் கடைத் தெரு வழியாக வேனை ஓட்டாமல் சுற்றித்தான் போவாராம், டீசல் செலவானாலும்.

"வளையல்னா வட்டமால்ல தடம் விழும்" என்று நான் சொல்லிவிட்டேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து என் குரல் வந்ததில் எல்லாரைவிடவும் அதிகமாகத் திடுக்கிட்டது நான்தான். அக்கா என்னையும் கூடவே கிளப்பிவிட்டார், பெட்டியைப் பையில் போட்டுத் தூக்கிவர.

வைண்டிங் கடை என்பது ஒரு ஷட்டர் அகலம். தரையெல்லாம் பிரித்துப்போட்ட மின்விசிறிகள், சுவரில் செப்புக் கம்பிச் சுருள்கள், எங்கும் வார்னிஷ் வாசனை. அண்ணன் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எத்தனையாவது சுற்று என்கிற கணக்கு விட்டுப்போயிருக்கும், முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காரு பாப்பா" என்றார்.

வேன்காரம்மா உட்காரவில்லை. "தாய்ப்பெட்டிக்குள்ள இருந்ததை நீ எடுத்தியா?"

"எடுத்தேனே."

இப்படி ஒரேயடியாக ஒப்புக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரோ எதற்கு இந்தக் கேள்வி என்பதுபோல எங்களைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறி, மேல் பலகையிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்றை இறக்கினார். அதே கறுப்பு, அதே பித்தளை மூலை, அதே சிவப்புக் கோடு. கொஞ்சம் சிறியது.

"அம்மா சொன்னபடிதான் எடுத்தேன். தாய் உனக்கு, பிள்ளை எனக்கு."

"பிள்ளைன்னு அம்மா சொன்னாங்களா?"

"தாய்ப்பெட்டி பொண்ணுக்குன்னு சொன்னாங்க. அப்பப் பிள்ளைப்பெட்டி பிள்ளைக்குத்தானே?"

அதில் அவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை. வீட்டில் அவர்தானே பிள்ளை. அம்மா எவ்வளவு பொருத்தமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்கே அவருக்குச் சந்தோஷமாம். தங்கை பேச்சை நிறுத்தியதை, பெரிய பெட்டி கிடைத்தும் சின்னதுக்கு ஆசைப்படுகிறாள், கோபம் தணிந்தால் வருவாள் என்று எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். வளையல் பேச்சை எடுத்ததும் அவர் முகம் மாறியது. "அது அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்பவே போயிடுச்சே பாப்பா. நீ சின்னப் பொண்ணு, உங்கிட்டச் சொல்ல வேணாம்னு விட்டுட்டாங்க. நானும் வேணாம்னே விட்டுட்டேன்."

வேன்காரம்மா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. தெரு முனையைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு டீசல்" என்றார்.

அக்கா இதற்குள் பிள்ளைப்பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார். அவரால் பொறுக்க முடியாது. உள்ளே இன்னொன்று. அதற்குள் உள்ளங்கையில் அடங்குகிற இன்னொன்று. அது மட்டும் திறக்கவில்லை. ஈரத்தில் மரம் ஊதி மூடி இறுகிவிட்டது. ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். எல்லாரும் ஒருமுறை வாங்கி ஆட்டினோம். நான்கூட.

"இத்தனை வருஷத்துல ஏன் தெறக்கல?" என்று கேட்டார் வேன்காரம்மா.

"நெம்பித் தெறந்திருக்கலாம். ஆனா உள்ள ஏதாவது இருந்தா அதுல பாதி உன்னுது. நீ வந்தப்புறம் தெறக்கலாம்னு வெச்சேன்." கம்பிச் சுருளைக் கையில் எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார். "நீதான் வரல."

கத்தி, உளி என்று யாரும் பேச அக்கா விடவில்லை. மெருகில் ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு என்றார். அண்ணன் யோசித்து, கடை மூலையில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார். சுற்றி முடித்த காயிலுக்கு வார்னிஷ் பூசி அதற்குள் வைத்து, குண்டு பல்ப் வெளிச்சத்தில் காயவைப்பார்கள். இளஞ்சூடுதான் இருக்கும். அரக்கு உருகிவிடப் போகிறது என்று அக்கா பதறினார். காயவைக்கிறது என் வேலை, நீங்கள் பதறாதீர்கள் என்று அண்ணன் சிறிய பெட்டியைத் துணியில் சுற்றி, பல்புக்கு எட்டாத ஓரத்தில் வைத்தார்.

காத்திருந்தோம். அண்ணன் டீ வாங்கப் போனார். திரும்பி வந்ததும் வேன் எப்படி ஓடுகிறது என்று கேட்டார், ஓடவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். எந்தச் சத்தம் வந்தது, புகை என்ன நிறம், எண்ணெய் குடித்ததா என்று அவர் கேட்கக் கேட்க வேன்காரம்மா சொன்னார். அக்காவே தோற்றுப்போகிற அளவுக்குக் கேள்வி. புது இன்ஜின் எதற்கு, கழற்றிப் பிரித்துப் பழுது பார்த்தால் போதும், தெரிந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது என்றார் கடைசியில். நடுவில் பெட்டியை ஒருவர் மாற்றி ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டோம்.

மூடி தானாகவே இளகியது. அண்ணன் தங்கை கையில்தான் வைத்தார். உள்ளே இருந்தது இன்னொரு பெட்டி, கட்டைவிரல் அளவு. கறுப்பு, சிவப்புக் கோடு எல்லாம் அப்படியே. ஆனால் அதற்கு மூடியில்லை. அது பெட்டியே இல்லை, முழுக் கட்டை. பெட்டி மாதிரி கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். செய்தவன் வேலை முடிந்தது என்று கடைசியாக ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறான்.

"இதையா இத்தனை வருஷம் ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டிருந்தேன்" என்றார் அண்ணன். வேன்காரம்மாவுக்கு வந்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. சிரிப்பின் கடைசியில்தான் கண் கலங்கியது.

விற்பது என்று இருவருமே முடிவெடுத்தார்கள். பரண்மேல் இருந்து என்ன செய்யப்போகிறது என்று. கட்டையை மட்டும் கொடுக்க வேன்காரம்மாவுக்கு மனம் வரவில்லை. அக்கா மழுப்பவில்லை. அதை நிறுத்திக்கொண்டால் செட் குறையும், விலை இறங்கும், இவ்வளவு இறங்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இறங்கட்டும் என்றார்கள்.

ஊருக்குப் போகுமுன் வந்த ரெட்டைக் கண்ணாடி, தாயையும் பிள்ளைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். முகம் அன்றைக்குக் கோணின மாதிரி என்றைக்கும் கோணியதில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லாமல் விற்க அக்காவுக்கு வராது. கடைசியில் ஒரு கட்டை இருக்கிறது, தரமாட்டார்கள் என்றார். அது இல்லாமல் எப்படி என்று அவர் மன்றாடினார்.

"கடைக்குட்டியை எந்த வீட்டுல சார் விட்டுக்குடுப்பாங்க?" என்றார் அக்கா.

அதற்குமேல் அவரால் பேரம் பேச முடியவில்லை.

பங்கு பிரிக்கிற இடத்தில்தான் சண்டை வந்தது. அண்ணன் வேண்டாம் என்றார், தங்கை விடவில்லை. கடைசியில் அவர் பங்கும் வேன் வேலைக்கே போயிற்று. அப்படியானால் வேனில் பாதி எனக்கு, முன்பக்கமா பின்பக்கமா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். "இனிமே எதையும் அப்புறம் பேசிக்கலாம்னு விடாதே. முன்பக்கமா, பின்பக்கமா, இப்பவே சொல்லு" என்று வேன்காரம்மா எங்கள் கடை மேசையைத் தட்டிக் கேட்டார். அண்ணன் பின்பக்கம் என்றார். ஸ்டீயரிங் உன் கையில் இருப்பதுதான் நல்லது என்றார்.

பள்ளி திறந்த அன்று வேன் எங்கள் கடை வழியாகத்தான் போனது. அந்தப் பக்கம் திரும்பினால்தான் வைண்டிங் கடைத் தெரு வரும். ஸ்டீயரிங்குக்கு மேலே, கண்ணாடி ஓரமாக, அந்தக் கட்டையை ஒட்டியிருந்தார். எங்களைப் பார்த்து நிறுத்தினார். முன் இருக்கையில் ஒரு வாண்டு எக்கி எக்கி அதை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, இதுக்குள்ள குட்டியா ஒரு பெட்டி இருக்கு."

வேன்காரம்மா கியரைப் போட்டுக்கொண்டே, "அப்புறம்?" என்றார்.

அக்கா சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த வாண்டு அடுத்து என்ன சொன்னதோ, எங்களுக்குக் கேட்கவில்லை. வேன் கிளம்பிவிட்டது. கடைக்குள் வந்த பிறகும் அக்கா இருப்புக்கொள்ளாமல் நடந்தார். "என்ன சொல்லியிருக்கும்?" என்று என்னைக் கேட்டார். சாயங்காலம் வேன் திரும்பும்போது நிறுத்திக் கேட்டுவிடுவது என்று இரண்டு பேரும் தீர்மானித்தோம்.